நாலு விடைகளும் ஒரு டாக்டரும்

கல்பாத்தியில் வீட்டுக்கு வந்தவர்களுக்குக் காப்பி கொடுப்பதுதான் மரியாதை. நான் மட்டும் சாயாக்காரி. மூணாறு பக்கத்திலிருந்து தம்பி கொண்டுவரும் தேயிலைத்தூள் இருக்கும்வரை சாயங்காலம் எங்கள் வீட்டில் சாயாதான். போன வாரம் அந்த நேரம் பார்த்துப் பக்கத்தாத்துப் பெண் ஒரு தடிமனான புத்தகத்தோடு வந்தாள். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறாள். "மாமி, தேவதாசி முறையை ஒழிச்ச சட்டம் எந்த வருஷம்? 1927, 1929, 1930, 1947னு நாலு கொடுத்திருக்கா. ஒரு புஸ்தகத்திலே 1929ங்கறா, இன்னொண்ணுலே 1930ங்கறா. முத்துலட்சுமி ரெட்டிங்கற பேரு மட்டும் ரெண்டுலேயும் ஒண்ணாக்கும்" என்றாள்.

"நாலு வருஷமும் அந்தக் கதையிலே உண்டு" என்றேன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தேர்வில் ஒன்றைத்தானே கறுக்க வேண்டும்? அதனால் இரண்டாவது தம்ளர் சாயா போட்டுவிட்டு உட்கார்ந்தோம். அவளோடு பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நம் எல்லோர் மனசிலும் ஒரு படம் இருக்கிறது. முத்துலட்சுமி ரெட்டி ஒரு நாள் சட்டசபையில் எழுந்து நின்றார், மசோதாவைப் படித்தார், கை தூக்கினார்கள், அன்றோடு தேவதாசி முறை ஒழிந்தது. பள்ளிப் புத்தகத்தின் ஒரு வரி நமக்கு வரைந்து கொடுத்த படம் இது. நடந்தது அப்படி இல்லை. முதல் தீர்மானத்துக்கும் கடைசிச் சட்டத்துக்கும் நடுவே 20 வருஷம். அந்தக் கடைசிச் சட்டம் வந்தபோது அவர் சபையிலேயே இல்லை. இதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறொன்று. அவர் கொண்டுவந்த முதல் சட்டம் கைவைத்தது தடையில் அல்ல, நிலத்தில். அது ஏன் என்று புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் பிடிபடும்.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்வோம். 1886 ஜூலை 30, புதுக்கோட்டை. அப்பா நாராயணசாமி ஐயர், அங்கே மகாராஜா கல்லூரியின் முதல்வர். அம்மா சந்திரம்மாள், இசை வேளாளர் குலத்தவர், அதாவது தேவதாசிகள் வந்த குலம். இந்தக் கல்யாணத்துக்காக அப்பாவை அவருடைய உறவினர்கள் ஒதுக்கிவைத்தார்கள். அக்கிரகாரத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு அந்த ஒதுக்கிவைத்தலின் கனம் விளக்காமலே தெரியும். பெரியவளானதும் பெண்ணுக்குப் பள்ளிக்கூடம் நின்றது. அப்பா வீட்டிலேயே சொல்லிக்கொடுத்து மெட்ரிக்குலேஷன் எழுதவைத்தார். பிறகு அதே ஆண்கள் கல்லூரியில் சேர்க்க மகாராஜாவே சம்மதம் கொடுக்க வேண்டியிருந்தது. வகுப்பில் அவளுக்கும் பையன்களுக்கும் நடுவே ஒரு திரை.

1907ல் சென்னை மருத்துவக் கல்லூரி. 1912ல் பதக்கங்களோடு பட்டம். எழும்பூர் அரசு மகளிர் குழந்தைகள் மருத்துவமனையில் முதல் பெண் ஹவுஸ் சர்ஜன். 1914ல் டாக்டர் சுந்தர ரெட்டியோடு கல்யாணம், 1872ஆம் வருஷத்துப் பதிவுத் திருமணச் சட்டத்தின்படி. தன்னைச் சமமாக மதிக்க வேண்டும், தன் விருப்பத்துக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று முன்கூட்டியே நிபந்தனை போட்டுத்தான் சம்மதித்தார். 1914ல்! எங்கள் பாட்டிகளுக்கெல்லாம் கல்யாணம் ஆனதே மறுநாள்தான் முழுசாகப் புரிந்திருக்கும்.

அரசியல் அவர் தேடிப்போன தொழில் இல்லை. 1925ல் மேல்படிப்புக்காக இங்கிலாந்து போய் லண்டனில் பெண்கள் மருத்துவமனையில் பயின்றார். திரும்பியதும் பெண்களுக்கான சங்கம், அதுதான் அடையாறில் 1917ல் தொடங்கிய இந்திய மாதர் சங்கம், அவர் பெயரைச் சொன்னது. அரசாங்கம் சென்னை சட்டசபைக்கு நியமித்தது. 1927ல் அந்தச் சபையே அவரை ஏகமனதாகத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டசபைக்குள் போன முதல் பெண் அவர்தான்.

"சென்னை சட்டசபைக்கும் நம்ம பாலக்காட்டுக்கும் என்ன மாமி?" என்றாள் அவள். நல்ல கேள்வி. இப்போது நாம் கேரளம். அப்போது மலபார் ஜில்லா, சென்னை மாகாணத்தின் ஒரு பகுதி. சென்னைக் கோட்டையில் எழுதும் சட்டம் கல்பாத்திப் புழைக்கரைக்கும் சட்டம். இந்தத் தெருவில் யார் நடக்கலாம், யார் நடக்கக் கூடாது என்று 1924 தேர் சமயத்தில் எழுந்த சண்டைகூட அந்தச் சபை வரைக்கும் போனது. எங்கள் முன்னோர்களுக்குப் பெருமை சேர்க்கும் சண்டை இல்லை அது. ஆனாலும் அது நடந்தது இந்தத் தெருவில்தான்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். பொட்டுக் கட்டுதல் என்றால் என்ன? சிறு பெண்ணுக்குக் கோயிலில் தாலி போன்ற ஒரு பொட்டைக் கட்டி, அவள் கணவன் அந்தத் தெய்வம் என்று ஆக்கிவிடுவது. தெய்வத்துக்குச் சாவில்லை; ஆகவே அவள் விதவையாக மாட்டாள், நித்திய சுமங்கலி. வேறு கல்யாணமும் கிடையாது. கோயிலில் ஆடவும் பாடவும் கும்ப ஆரத்தி எடுக்கவும் அவளுக்கு உரிமையும் கடமையும் உண்டு. பாட்டும் படிப்பும் அவர்களிடம்தான் இருந்தன. ஆனால் காலம் போகப் போக, ராஜாவும் மிராசும் தேய்ந்து, பொட்டு என்பது பெரும்பாலும் ஊர்ப் பெரியமனிதர் ஒருவரின் வைப்பாக வாழ்வதற்கு வாசலாகிவிட்டது. எட்டு வயசில் பொட்டுக் கட்டும்போது குழந்தையிடம் யார் கேட்டார்கள்?

எங்கள் தெருப் பக்கத்தையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. இங்கே எட்டு வயசில் கட்டியது பொட்டல்ல, நிஜத் தாலி. பன்னிரண்டில் அது அறுந்துபோன பெண்கள் தலையை மழித்துக்கொண்டு உள்கட்டில் எத்தனை பேர் கிடந்தார்கள்! ஒரு பெண் விதவையே ஆகாதவள், இன்னொருத்தி விதவையாகவே வளர்ந்தவள். முத்துலட்சுமி டாக்டராக இரண்டு வகைப் பெண்களையும் பார்த்தார். பதிமூன்று வயசுப் பிரசவங்களையும் பார்த்தார். குழந்தை மணத் தடைக்காகவும் அவர் வாதாடினார். 1929ல் வந்த சாரதா சட்டம் பெண்ணின் கல்யாண வயசை 14 ஆக்கியது.

சரி, பொட்டுக் கட்டுவதைத் தடுக்கச் சட்டமே இல்லையா? இருந்தது. இந்திய தண்டனைச் சட்டத்தில் 372, 373 என்று இரண்டு பிரிவுகள். சிறுமியை விபசாரத்துக்காக விற்பதும் வாங்குவதும் குற்றம். இங்கேதான் சிக்கல். விபசாரத்துக்காகத்தான் என்று நிரூபிக்க வேண்டும். "இது சுவாமிக்குச் செய்யும் கைங்கரியம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் வழக்கு அந்தரத்தில் நிற்கும். கோயில் சடங்கைப் பார்த்து வெள்ளைக்கார அதிகாரி ஒதுங்கிக்கொள்வார், மதத்தில் கைவைக்காதே என்பது அவர்களுக்குக் கொடுத்த பாடம். 1927 நவம்பரில் முத்துலட்சுமி சபையில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார், பொட்டுக் கட்டுவதை நிறுத்த அரசாங்கம் சட்டம் செய்ய வேண்டும் என்று. அது நிறைவேறியது. நம் பெண்ணின் வினாத்தாளில் முதல் விடை அதுதான். ஆனால் தீர்மானம் என்பது சபையின் ஆசை. அது யாரையும் கட்டுப்படுத்தாது.

அரசாங்கம் அசையவில்லை. அப்போது அவர் டாக்டர் புத்தியோடு யோசித்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. காய்ச்சலைத் திட்டிப் பயனில்லை, எங்கே சீழ் கட்டியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். கட்டியிருந்த இடம் மானியம்.

மானியம் என்றால் என்ன? எங்கள் கல்பாத்தி விசுவநாதசுவாமி கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது, 1425ஆம் வருஷத்தது என்பார்கள். லட்சுமி அம்மாள் என்ற விதவை காசியிலிருந்து லிங்கம் கொண்டுவந்து, 1,320 பொன்னைப் பாலக்காட்டு ராஜா இட்டிக்கோம்பி அச்சனிடம் கொடுத்துக் கோயில் கட்டச் சொன்னாள் என்பது ஊர்க்கதை. கட்டினால் போதாதே, தினம் விளக்கெரிய வேண்டும், பூ தொடுக்க வேண்டும், செண்டை கொட்ட வேண்டும். அந்தக் காலத்தில் மாசச் சம்பளம் என்று ஒன்று கிடையாது. வேலைக்கு எதிராக நிலத்தை எழுதிவைப்பார்கள். பூ தொடுக்கும் வாரியருக்கு ஒரு துண்டு, செண்டை கொட்டும் மாராருக்கு ஒரு துண்டு. கொட்டும்வரை நெல் வரும். தமிழ்நாட்டுக் கோயில்களில் தேவதாசிக்கும் அப்படி ஒரு துண்டு உண்டு. அதுதான் இனாம் என்கிற மானியம்.

இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவளே முந்திக்கொண்டாள். "ஒலவக்கோட்டிலே அத்திம்பேருக்கு ரயில்வே குவார்ட்டர்ஸ் மாதிரியோ?" என்றாள். அதேதான். ரயில்வேயில் வேலை இருக்கும்வரை காலனியில் வீடு. ரிட்டயர் ஆனால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். இப்போது ஒரு நிபந்தனையைச் சேர்த்துப் பார்ப்போம்: வீட்டில் அடுத்த தலைமுறையில் ஒரு பெண் அதே வேலையில் சேர்ந்தால் சாவியைக் கொடுக்க வேண்டாம். என்ன நடக்கும்? அந்தக் குடும்பத்தில் பெண் குழந்தை பிறந்ததுமே எல்லோரும் அவளை வேலையாளாகப் பார்ப்பார்கள். பெண் இல்லையென்றால் தத்து எடுப்பார்கள். பாட்டி அன்பில்லாதவள் என்று அர்த்தமில்லை. பாட்டிக்கு வேறு வீடு இல்லை. தேவதாசிக் குடும்பங்களில் நிலத்தையும் வீட்டையும் தக்கவைத்துக்கொள்ள ஒரு பெண்ணுக்குப் பொட்டுக் கட்டியே ஆகவேண்டியிருந்தது இப்படித்தான். அவர்கள் வழக்கத்தில் சொத்து பெண்வழியே போனது என்பதால் அந்தப் பெண்ணின் மேல்தான் முழுப் பாரமும்.

1929ல் முத்துலட்சுமி செய்தது இந்தச் சாவியைக் கழற்றியதுதான். சென்னை இந்து அறநிலையச் சட்டத்தில் ஒரு திருத்தம், அந்த வருஷத்தின் 5ஆம் சட்டம். நிலத்தை வைத்திருக்கும் தேவதாசி கோயிலுக்கு ஒரு சிறு தொகையை வருஷா வருஷம் கட்டினால் போதும். நிலம் அவளுக்கே, சேவை செய்ய வேண்டியதில்லை, பெண்ணைப் பொட்டுக் கட்டி அனுப்ப வேண்டியதுமில்லை. நிலமில்லாமல் நில வரியின் வருமானம் மட்டும் மானியமாக இருந்தால் அது அவள் ஆயுசு வரைக்கும் அவளுக்கு, பிறகு கோயிலுக்கு. குவார்ட்டர்ஸை அத்திம்பேர் பெயருக்கே பட்டா போட்டுக் கொடுத்துவிட்டு, நாளை முதல் டியூட்டிக்கு வர வேண்டாம் என்று சொன்ன மாதிரி.

கவனியுங்கள், இந்தச் சட்டத்தில் தடை என்று ஒரு வார்த்தை இல்லை. அதற்குப் பிறகும் யாராவது விரும்பிப் பொட்டுக் கட்டினால் குற்றமில்லை. கட்டாயத்தின் வேர் மட்டும் போயிற்று. 1929 என்ற விடை புத்தகங்களில் ஏறியது இதனால்தான். அதை "ஒழிப்பு" என்று சொல்வது மட்டும் பிசகு.

எல்லோரும் கைதட்டவில்லை. சத்தியமூர்த்தி போன்ற தேசபக்தர்கள் சபையில் எதிர்த்தார்கள். கோயில் வழக்கத்தில் சட்டம் நுழையலாமா, கலை அழிந்துபோகுமே என்பது அவர்கள் பக்கம். அந்த எதிர்ப்பு எனக்குப் பெரிதாகத் தோன்றுவதில்லை, வேறு வீட்டுப் பெண்ணின் கலையைப் பற்றிக் கவலைப்படுவது சுலபம். தேவதாசிகளே எதிர்த்ததுதான் யோசிக்கவைக்கிறது. திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் கட்டிய பெங்களூர் நாகரத்தினம்மாள் எதிர்த்தவர்களில் முக்கியமானவர். எங்களை மொத்தமாக விபசாரிகள் என்று எழுதாதீர்கள், நாங்கள் படித்தவர்கள், சொத்துரிமை உள்ளவர்கள், எங்களுக்குப் பள்ளிக்கூடம் கொடுங்கள் என்று அவர்கள் சங்கங்கள் மனுப்போட்டன. முத்துலட்சுமியின் எழுத்தில் இந்தப் பெண்கள் பெரும்பாலும் காப்பாற்றப்பட வேண்டியவர்களாகவே வருகிறார்கள், அவர்கள் கலையைப் பற்றி அவர் அதிகம் இளகவில்லை. 1932ல் வழக்கறிஞர் ஈ. கிருஷ்ண ஐயரோடு தேவதாசிகள் ஆடிய சதிராட்டம் பற்றிப் பத்திரிகையில் அவர் நடத்திய கடித யுத்தத்திலும் அந்தக் கறார் தெரியும். நிலம் பட்டாவானதும் சில குடும்பங்களில் அது பெண்ணின் கையைவிட்டு அண்ணன் தம்பி கைக்குப் போனதும் உண்டு. அதே சமயம், அந்தக் குலத்தில் பிறந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் முத்துலட்சுமியின் பக்கம் நின்றார். 1936ல் 'தாசிகள் மோசவலை' என்று ஒரு நாவலே எழுதினார். முத்துலட்சுமியின் அம்மாவும் அந்தக் குலம்தான் என்பதை நாம் மறக்கக் கூடாது. இரண்டு பக்கமும் உள்ளே இருந்தவர்கள்தான்.

1930 தொடக்கத்தில் அவர் நேரடியான மசோதாவைக் கொண்டுவந்தார்: பொட்டுக் கட்டுவதே குற்றம். மூன்றாவது விடை. அது மக்கள் கருத்துக்காகச் சுற்றுக்கு விடப்பட்டது. அந்த வருஷம்தான் உப்புச் சத்தியாக்கிரகம். காந்தி கைதானதும் முத்துலட்சுமி பதவியை ராஜினாமா செய்தார். மசோதாவை உள்ளே விட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார். இது எனக்கு இன்றும் உறுத்தும் இடம். இருந்து முடித்திருக்கலாமோ? அல்லது இருந்தாலும் அந்த அரசாங்கம் முடிக்க விட்டிருக்காதோ?

வெளியே வந்தவரின் வாசலுக்கு வேலை தானாக வந்தது. பொட்டுக் கட்டுவதிலிருந்து தப்பி ஓடிவந்த சிறுமிகள் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். விடுதிகளில் கேட்டுப் பார்த்தார். தாசி வீட்டுப் பெண்களைச் சேர்க்க முடியாது என்றார்கள். சட்டசபையில் தீர்மானம், அறநிலையச் சட்டத்தில் திருத்தம், எல்லாம் ஆயிற்று. இந்தப் பெண்கள் ராத்திரி படுத்துக்கொள்ள ஒரு பாய் விரிக்க ஊரில் இடமில்லை. தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அதுதான் ஔவை இல்லம். பின்னால் பள்ளிக்கூடமாகவும் வளர்ந்து அடையாறு பக்கத்தில் இன்னும் நடக்கிறது. கிழவியின் பெயரை வைத்ததில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. கல்யாணமும் வேண்டாம், பொட்டும் வேண்டாம், படிப்பு மட்டும் போதும் என்று தமிழ்ச்சமூகம் ஒப்புக்கொண்ட ஒரே பெண் ஔவைதானே.

மசோதா தூங்கியது. சுதந்திரம் வந்த 1947ல்தான், அந்த வருஷத்தின் 31ஆம் சட்டமாக, சென்னை தேவதாசிகள் பொட்டுக் கட்டுதல் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. பொட்டுக் கட்டினாலும், கட்டிவைத்தாலும், உடந்தையாக நின்றாலும் ஆறு மாசம் வரை வெறுங்காவல் அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தண்டனையைவிட எனக்கு இன்னொரு வரி பெரிதாகப் படுகிறது: பொட்டுக் கட்டப்பட்ட பெண் முறைப்படி கல்யாணம் செய்துகொண்டால் அது செல்லும். தெய்வத்தின் மனைவி என்ற ஒரே காரணத்துக்காக மனுஷ வாழ்க்கை மறுக்கப்பட்டவளுக்கு அந்த ஒரு வரியில் கதவு திறந்தது. அப்போதும் மலபார் சென்னை மாகாணம்தான்; பாலக்காட்டுக்கும் அது சட்டம்.

முத்துலட்சுமியின் எழுத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். மாதர் சங்கத்தின் 'ஸ்திரீ தர்மம்' பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்தார். சபையை விட்டு வந்த 1930லேயே சட்டசபை அனுபவங்களை ஆங்கிலத்தில் ஒரு புத்தகமாக எழுதினார், 1964ல் சுயசரிதை. அலங்காரத்துக்கு அவரிடம் நேரமில்லை. நோயாளியின் சீட்டில் டாக்டர் எழுதுவதுபோல் எழுதுவார்: என்ன இருந்தது, என்ன கொடுத்தேன், என்ன ஆயிற்று. சுகமாக வாசிக்க அல்ல, எடுத்துக் காட்ட எழுதிய எழுத்து.

அந்த டாக்டருக்குச் சொந்த வீட்டிலேயே கைவிட வேண்டிவந்த நோயாளி ஒருத்தி உண்டு. தங்கை சுந்தரம்பாள், 1923ல் புற்றுநோயில் போனாள். அப்போது இந்த நோய்க்கென்று தென்னாட்டில் ஓர் ஆஸ்பத்திரி கிடையாது. 1935ல் மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் அதைக் கேட்டார். 1949ல் நிதி திரட்ட ஆரம்பித்தார். 1952ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954ல் அடையாறு புற்றுநோய் நிலையம் 12 படுக்கைகளோடு திறந்தது. அவருக்கு வயசு 68 ஆகப்போகிறது. தங்கை போய் 31 வருஷம். அங்கே அவருடைய மகன் கிருஷ்ணமூர்த்தியும் அறுவை மருத்துவராக வேலை பார்த்தார். 1956ல் பத்மபூஷண், 1968 ஜூலை 22ல் மறைவு. பாலக்காட்டிலிருந்து இன்றைக்கும் ராத்திரி ரயில் பிடித்து அடையாறுக்குச் சிகிச்சைக்குப் போகிறவர்கள் உண்டு. அதில் எத்தனை பேருக்கு அந்த இடத்தை எழுப்பியவர் பெயர் தெரியும் என்று நான் கேட்டுப் பார்த்ததில்லை. நோவோடு போகிறவர்களிடம் அதையெல்லாம் எப்படிக் கேட்பது?

இத்தனையையும் கேட்டுவிட்டு அவள் பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு யோசித்தாள். "அப்போ கேள்வியிலே 'ஒழிச்ச சட்டம்'னு இருந்தா 1947. 'மானிய நிலம்'னு இருந்தா 1929. 'மசோதா'ன்னு இருந்தா 1930. அல்லையோ?" அவ்வளவுதான் என்றேன்.

"புஸ்தகத்திலே விடை 1929ன்னு அச்சாயிருக்கே மாமி."

அதை அடித்துவிட்டு ஓரத்தில் எழுது என்றேன். அவள் அடிக்கவில்லை. 1929க்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் 'குவார்ட்டர்ஸ்' என்று எழுதிக்கொண்டு, தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள்.